சிடி பிளேயர் வாங்கப் புறப்பட்டவர்களுக்கு



உங்களில் பெரும்பாலோரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் உங்கள் வீட்டுப் பரண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். கேசட் கடைகளெல்லாம் செல்போன் கடைகளாக மாறிய பிறகும் சிடிக்களைத் தூக்கிப் போட மனம் வராமல் அட்டைப்பெட்டியில் அடுக்கி மேலே ஏற்றி வைத்தவர்கள் நீங்கள். இப்போது அந்தப் பெட்டியை இறக்கித் தூசி தட்டியிருக்கிறீர்கள். பழைய பிளேயரில் போட்டுக் கேட்கிறீர்கள், ஏதோ குறைகிறது. குரல் தள்ளி நிற்கிறது, மிருதங்கம் மொத்தையாக விழுகிறது. பிளேயர்தான் சரியில்லை, நல்லதாக ஒன்று வாங்கிவிட வேண்டும் என்று தீர்மானித்துப் பணத்தையும் எடுத்து வைத்துவிட்டீர்கள். அந்தப் பணம் கைமாறுவதற்குள் இந்த மடல் உங்களிடம் வந்து சேர வேண்டும் என்ற அவசரத்தில் எழுதுகிறேன்.

சென்ற மாதம் ஸ்ரீரங்கத்தில் என் வீட்டுக்கு ஒரு தம்பி வந்தான். கையில் புது பிளேயர், இன்னும் பெட்டியே பிரிக்கவில்லை. விலை ரூ. 85,000. "அண்ணா, உங்க ஆம்ப்ல போட்டு ஒரு தடவை கேட்டுச் சொல்லுங்க. இனிமே பாட்டு நல்லா கேக்கும்ல?" என்றான். வீட்டில் என்ன ஸ்பீக்கர் என்று விசாரித்தேன். அவன் அப்பா வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில் வாங்கி அனுப்பிய ஒரு ஜோடி இருந்திருக்கிறது. கனமான மரப்பெட்டி, பத்து அங்குல ஊஃபர். "பணம் பத்தலண்ணா. அப்பா ஸ்பீக்கரக் குடுத்துட்டேன். இப்போதைக்குக் கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்ல கேட்டுக்கிறேன். முதல்ல சோர்ஸ சரி பண்ணுங்க, மத்ததெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்னு கடையில சொன்னாங்க" என்றான். அந்த அப்பா காலமாகி இன்னும் வருடம் திரும்பவில்லை.

அன்று அவனிடம் என்னால் எதுவும் சொல்ல முடியவில்லை. விற்றது திரும்பி வராது என்று தெரிந்த பிறகு உண்மையைச் சொல்லி அவன் மனதைப் புண்படுத்துவதில் என்ன பயன்? ஆனால் இன்னும் எதையும் விற்காத நீங்கள் இருக்கிறீர்கள். உங்களிடம் நான் சொல்லியாக வேண்டும்.

சொல்ல எனக்கு உள்ள தகுதி ஒன்றுதான். அந்தத் தம்பி செய்ததை அவனுக்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே செய்தவன் நான். ஒரு கடையில் இரண்டு பிளேயர்களை ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணைத்து, ஒரே வீணைத் தகட்டை மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார்கள். இரண்டாவதில் கேட்டபோது திரை விலகியது போலிருந்தது. தந்தி நரம்பு நரம்பாகக் கேட்டது. இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்து வாங்கி வந்தேன். மூன்று ஆண்டுகள் அதன் பெருமையைப் பேசினேன். பிறகு ஒருநாள், ரேடியோ காலத்திலிருந்து செட் ரிப்பேர் செய்துவரும் நண்பர் ஒருவர் என் பழைய பிளேயரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மல்டிமீட்டரால் இரண்டின் ஒலி அளவையும் சமன் செய்தார். மேலே துண்டைப் போட்டு மூடினார். காசு சுண்டி, விழுந்த பக்கத்துக்கேற்ப ஏதோ ஒன்றைப் பாடவிட்டு, எது என்று சொல்லச் சொன்னார். 20 முறை கேட்டேன். 11 முறைதான் சரியாகச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா என்று சொல்லியிருந்தாலும் ஏறக்குறைய அவ்வளவுதான் வந்திருக்கும்.

அப்படியானால் கடையில் விலகிய அந்தத் திரை எது? நண்பரே அளந்து காட்டினார். சிடி பிளேயர்கள் முழு ஒலியில் 2 வோல்ட் வெளியிடுவது வழக்கம். என் புதிய பிளேயர் இரண்டரை வோல்ட் வெளியிட்டது. கணக்குப் போட்டால் 2 டெசிபல் வித்தியாசம். இவ்வளவு சிறிய வித்தியாசத்தைக் காது பெரும்பாலும் 'சத்தம் கூடியிருக்கிறது' என்று உணர்வதில்லை. 'தெளிவு கூடியிருக்கிறது', 'உயிர் வந்திருக்கிறது' என்றே உணர்கிறது. இது உங்கள் காதின் குறை அல்ல. எல்லோருடைய காதும் அப்படித்தான். எனக்குப் பழைய பிளேயரில் வால்யூம் குமிழைக் கொஞ்சம் திருப்பியிருந்தாலே போதுமாயிருந்தது. நான் இரண்டு மாதச் சம்பளத்தைத் திருப்பியிருந்தேன்.

நண்பர்களே, 'பிளேயர்தான் எல்லாம்' என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். நாம் கேசட்டில் வளர்ந்தவர்கள். அந்தக் காலத்தில் அது முழு உண்மை. டேப் ரெக்கார்டரின் பெல்ட் தளர்ந்தால் பாட்டு இழுக்கும். ஹெட்டில் அழுக்குப் படிந்தால் ஒலி மங்கும். ஹெட் ஓர் இழை சாய்ந்தாலும் மேல்ஸ்தாயி முழுதும் மூழ்கிப்போகும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து அந்தச் சிறிய திருகைத் திருப்பி, பாட்டுக்கு உயிர் திரும்புவதை நாமே கேட்டிருக்கிறோம். அதற்கு முந்தைய இசைத்தட்டுக் காலத்திலும் அப்படியே. ஊசி தேய்ந்தால் தட்டும் தேயும், மோட்டார் தடுமாறினால் சுருதியும் தடுமாறும். 'முதலில் சோர்ஸ்' என்ற பேச்சு அந்தக் காலத்தில் பிறந்தது, அந்தக் காலத்துக்குப் பொருந்தியது. நாம் கருவியை மாற்றினோம், பயத்தை மாற்றவில்லை.

சிடி வேறு வகை. 1982 அக்டோபர் 1 அன்று ஜப்பானில் சோனியின் சிடிபி-101 விற்பனைக்கு வந்தபோது அதன் விலை 1,68,000 யென். அன்று வகுத்த விதிதான் இன்றும் உங்கள் பரணிலுள்ள ஒவ்வொரு சிடிக்கும் விதி. ஒலி ஒரு நொடிக்கு 44,100 முறை அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவும் 65,536 படிகளில் ஒன்றாக எண்ணாக்கப்படுகிறது. அந்த எண்கள் 12 சென்டிமீட்டர் தகட்டில் நுண்ணிய குழிகளாகப் பதிகின்றன. பிளேயர் செய்ய வேண்டியது மூன்று வேலைகள்: அகச்சிவப்பு லேசரால் குழிகளைப் படிப்பது, படித்ததில் பிழை இருந்தால் திருத்துவது, எண்களை மறுபடி மின்னழுத்தமாக மாற்றுவது. முதல் இரண்டு வேலைகளில் 'கொஞ்சம் இனிமையாகப் படிப்பது' என்று ஒன்று கிடையாது. தடத்தில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குத் தகவல் அழிந்தாலும் மீதியைக் கொண்டு அதை அப்படியே மீட்கும் திருத்தக் கணக்கு தகட்டிலேயே எழுதப்பட்டிருக்கிறது. எண் சரியாக வந்தால் வந்தது. பெரிய அளவில் வராமல்போனால் பாட்டு தாவும், டிக் என்று வெட்டும், நின்றுபோகும். குரல் மட்டும் மெலிந்துபோவதற்கு அங்கே வழியில்லை.

மூன்றாவது வேலையில் ஒருகாலத்தில் வித்தியாசம் இருந்தது உண்மை. முதல் தலைமுறையில் பிலிப்ஸ் 14 பிட் மாற்றியை வைத்துக்கொண்டு, அளவை நான்கு மடங்கு வேகத்தில் கணக்கிட்டு ஈடுகட்டியது. சோனியின் முதல் கருவி ஒரே மாற்றியை இடது காதுக்கும் வலது காதுக்கும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியது. அன்று 'சிடி ஒலி கூர்மையாகக் குத்துகிறது' என்று குறைப்பட்டவர்களை நான் மறுக்கமாட்டேன். ஆனால் நாற்பது ஆண்டுகளில் அந்த மாற்றி சிறுவிரல் நகம் அளவுச் சில்லாகிவிட்டது. சரியாக வேலை செய்யும் சாதாரண பிளேயரே 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை ஒரு டெசிபலுக்கும் குறைவான ஏற்ற இறக்கத்தில் ஒலிக்கிறது. அது ஒலியில் உண்டாக்கும் சிதைவு, அதாவது விகாரம், நூற்றில் ஒரு பங்கு சதவீதத்துக்குள் அடங்கிவிடும். இதே அளவுகோலை உங்கள் ஸ்பீக்கருக்கு வைத்துப் பாருங்கள். நல்ல ஸ்பீக்கரே மூன்று டெசிபல் கூடும், மூன்று டெசிபல் குறையும். கீழ்ஸ்தாயியில் ஒலியைக் கூட்டினால் விகாரம் ஒரு சதவீதத்தைத் தாண்டிவிடும். நூறு மடங்கு குறை ஸ்பீக்கரில் இருக்க, அந்தத் தம்பி ஸ்பீக்கரை விற்றுப் பிளேயர் வாங்கினான். என் வருத்தம் இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

'சிடியே பழைய தரம், எஸ்ஏசிடி மாதிரி உயர்ந்த வடிவத்துக்குப் போனால்தான் உண்மையான இசை' என்று உங்களில் சிலர் சொல்வீர்கள். அதையும் ஏற்கெனவே சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஒலிப் பொறியியல் சங்க ஆய்விதழில் 2007-ல் மேயர், மோரன் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் அந்தச் சோதனை இருக்கிறது. உயர்தர எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ தகடுகளை நேரடியாக ஒருமுறையும், நடுவே சிடி தரத்துக்கு இறக்கி மறுபடி ஏற்றி ஒருமுறையும் பாடவிட்டு, எது எது என்று கேட்டார்கள். கேட்டவர்களில் ஒலிப்பதிவுத் தொழிலில் இருப்பவர்களும் உண்டு. 554 முறை கேட்டதில் 276 முறைதான் விடை சரியாக இருந்தது. பாதிக்குப் பாதி. இதோடு முடியவில்லை. அந்தக் கட்டுரை இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறது: அந்த உயர்தரத் தகடுகள் பல, வழக்கமான சிடிக்களைவிட நன்றாகவே ஒலித்தன. சிடி தரத்துக்கு இறக்கிய பிறகும் நன்றாகவே ஒலித்தன. காரணம், அவற்றைத் தயாரித்தவர்கள் கூடுதல் கவனத்தோடு தயாரித்திருந்தார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் பிளேயரில் தேடிக்கொண்டிருப்பது தகட்டில் இருக்கிறது.

ஒலிப்பதிவு முடிந்ததும் அதைத் தகட்டுக்கு ஏற்றவாறு இறுதியாகச் சமன் செய்யும் வேலையை மாஸ்டரிங் என்கிறார்கள். 1990-களிலிருந்து, 'என் பாட்டு உன் பாட்டைவிடச் சத்தமாகக் கேட்க வேண்டும்' என்ற போட்டி அந்த வேலையைப் பிடித்துக்கொண்டது. உச்சங்களை வெட்டித் தரைமட்டமாக்கி, மொத்தத்தையும் மேலே தூக்கிவிடுவார்கள். மெல்லிய இடமும் உரத்த இடமும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். 2008-ல் மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னெடிக்' வெளியானபோது, சிடியைவிட ஒரு வீடியோ விளையாட்டில் வந்த அதே பாடல்கள் நன்றாக ஒலிக்கின்றன என்று ரசிகர்கள் கண்டுபிடித்து மனு எழுதிக் கையெழுத்துத் திரட்டினார்கள். விளையாட்டுக்குப் போன பிரதி அவ்வளவு நசுக்கப்படவில்லை. அந்தச் சிடியை எத்தனை லட்ச ரூபாய் பிளேயரில் போட்டாலும் வெட்டிய உச்சம் வளராது.

உங்கள் பெட்டியிலும் இப்படிப்பட்டவை கலந்துதான் இருக்கும். நடைபாதையில் வாங்கிய 'ஒரே தகட்டில் 150 பாடல்' வகை எம்பி3 தகடுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் இசைத் தகவலின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டுத்தான் அத்தனை பாடல்களை அடைத்திருக்கிறார்கள். ஒரே திரைப்பாடல் பழைய வெளியீட்டிலும் பிறகு வந்த தொகுப்பிலும் இருந்தால் இரண்டையும் ஒரே அளவு ஒலியில் கேட்டுப் பாருங்கள். பாடகர் மூச்சு வாங்கும் இடம் எதில் இயல்பாக இருக்கிறது, தபேலா விழும்போது எதில் அதிர்வு நின்று ஒலிக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு பிளேயர்களுக்கு நடுவே எனக்குக் கேட்காத வித்தியாசம், இரண்டு வெளியீடுகளுக்கு நடுவே அடுக்களையில் நின்றாலும் கேட்கிறது.

அடுத்தது உங்கள் அறை. அங்கே எது தொலைகிறது என்று புரிய, நம் இசையின் நுட்பம் எதில் இருக்கிறது என்று முதலில் பார்ப்போம். நான் இருக்கும் ஊருக்கு அடுத்த திருவானைக்காவலில் 1888-ல் பிறந்த சி.வி. ராமன், 1920-ல் 'நேச்சர்' இதழில் நம் மிருதங்கத்தைப் பற்றி எழுதினார். சாதாரண தோல் கருவியில் மேல்சுரங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இரைச்சலாகும். வலந்தலையின் நடுவே பூசிய கரணை அந்த மேல்சுரங்களை ஒழுங்கான வரிசைக்குக் கொண்டுவந்து, மிருதங்கத்துக்குச் சுருதி கொடுக்கிறது என்று காட்டினார். தம்புராவையும் அவர் ஆராய்ந்தார். குதிரைமேல் தந்திக்கு அடியில் நாம் வைக்கும் அந்தச் சின்ன நூலால்தான் தம்புரா அவ்வளவு மேல்சுரங்களோடு நிறைந்து ஒலிக்கிறது. நம் இசையின் அழகெல்லாம் இப்படி மெல்லிய மேல்சுரங்களில் இருக்கிறது. நல்ல தகட்டில் அவை முழுதாகப் பதிந்திருக்கின்றன. பிளேயர் அவற்றை முழுதாக எடுத்தும் கொடுக்கிறது. அவை தொலைந்துபோவது ஸ்பீக்கருக்கும் உங்கள் நாற்காலிக்கும் நடுவே.

கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை பலமாகக் கை தட்டுங்கள். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, வெற்றுச் சுவர் உள்ள வீடு என்றால் 'ட்ரிங்' என்று ஒரு எதிரொலி நடுங்கி அடங்கும். அந்த நடுக்கம் ஒவ்வொரு தாளக்கட்டிலும் ஒவ்வொரு பிருகாவிலும் கலந்துகொண்டிருக்கிறது. மிருதங்கம் மொத்தையாகக் கேட்பதற்குப் பாதிக் காரணம் இதுதான். மீதிப் பாதி, ஸ்பீக்கரை ஷோகேஸ் தட்டிலோ பீரோவின் மேலோ மூலையில் தள்ளி வைத்திருப்பது. மூலை கீழ்ஸ்தாயியை ஊதிப் பெருக்கிவிடும். ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஒரு முழமாவது முன்னே நகர்த்துங்கள். மேல்ஸ்தாயி ஒலி வரும் சின்னக் கூம்பு காது உயரத்துக்கு வரும்படி உயர்த்துங்கள். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் நீங்கள் உட்காருங்கள். தரையில் கனமான பவானி ஜமுக்காளம் ஒன்றை விரியுங்கள். புத்தக அலமாரி இருந்தால் எதிர்ச் சுவரில் வையுங்கள். இதற்கெல்லாம் ஆகும் செலவு ஒரு ஜமுக்காளத்தின் விலை.

பிறகு மின்விசிறி. அது சுழலும் அறையில் எப்போதும் நாற்பது, ஐம்பது டெசிபல் இரைச்சல் நிற்கிறது. அந்தத் திரைக்குப் பின்னால் தம்புராவின் கடைசி மீட்டல் கேட்கவே கேட்காது. மார்கழி விடியற்காலையில், விசிறி போடாமல், தெரு எழுவதற்கு முன்னால் ஒரு சிடி கேட்டிருக்கிறீர்களா? அன்று மட்டும் பிளேயர் புதிதானது போலத் தோன்றியிருக்கும். நீங்கள் வாங்க நினைக்கும் தரம் அந்தப் பழைய பிளேயரிலிருந்தே அன்று வந்தது. ஆண்டு முழுதும் விசிறியை நிறுத்த நம் ஊரில் முடியாது, எனக்கும் தெரியும். ஆனால் மனதுக்கு நெருங்கிய ஒரே ஒரு ஆலாபனைக்குப் பத்து நிமிடம் நிறுத்தலாம்.

பிளேயரில் கோளாறே வராது என்று நான் சொல்லவில்லை. வரும். ஆனால் கோளாறுக்கு மருந்து பழுதுபார்ப்பது. தகடு தாவினால் லேசர் லென்ஸில் தூசியோ பூஞ்சையோ இருக்கலாம், லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் இறுகியிருக்கலாம். தட்டு வெளியே வராவிட்டால் சின்ன ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். லேசரே களைத்துப்போனாலும் பல மாடல்களுக்கு மாற்று லேசர் சென்னை ரிச்சி தெருவில் தேடினால் கிடைக்கும். 'உம்' என்று முனகல் கேட்டால் எர்த் இணைப்பைப் பாருங்கள். மின்சாரம் போனபோது மட்டும் முனகினால் அது இன்வெர்ட்டரின் சதுர அலை. மிக மலிவான சில டிவிடி பிளேயர்களின் ஒலி வெளியீட்டில் இரைச்சல் இருப்பதும் உண்மை. அதில் டிஜிட்டல் வெளியீடு இருந்தால், எண்களை மின்னழுத்தமாக மாற்றும் 'டேக்' என்ற தனிக் கருவியை அடக்கமான விலையில் வாங்கி இணைத்தால் போதும், குறை தீர்ந்துவிடும். இவற்றில் எதற்கும் ரூ. 85,000 தேவையில்லை.

விற்பவர்களில் நேர்மையானவர்கள் பலர். ஆனால் பயத்தை விற்பவர்களைப் பற்றி எனக்கு ஆறாத வருத்தம் உண்டு. 1990 வாக்கில் சிடியின் ஓரத்தில் பச்சை மை தடவினால் ஒலி மேம்படும் என்று சொல்லி, அதற்கென்றே பேனா விற்றார்கள். வாங்கித் தடவியவர்கள் மேம்பட்டதாகவே உணர்ந்தார்கள். அந்த மை, பிளேயர் படித்த எண்களில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. இன்று அந்தப் பேனாவின் இடத்தில் கனமான கம்பியும், மினுங்கும் முகப்பும், 'உங்க காதுக்கு இன்னும் பழக்கம் வரல சார்' என்ற வார்த்தையும் வந்திருக்கின்றன. அந்த வார்த்தைதான் மிகவும் கொடியது. இசையை நேசிக்கும் ஒருவரைப் பார்த்து, உன் காது போதாது என்று சொல்வது அது. அந்த வெட்கத்தில்தான் நாம் பணத்தை எடுக்கிறோம். என் கையும் அப்படித்தான் பைக்குள் போனது.

பணம் செலவழிக்கவே வேண்டும் என்றால், அவசரமாகச் செலவழிக்க வேண்டிய இடம் ஒன்று உங்கள் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. கடையில் வாங்கிய சிடி அச்சிட்டது, நல்லபடி வைத்திருந்தால் நீண்ட காலம் இருக்கும். கம்ப்யூட்டரில் எழுதிய தகடு அப்படியல்ல. அதில் எண்கள் சாயத்தில் பதிந்திருக்கின்றன, சாயம் வெயிலிலும் சூட்டிலும் வெளுக்கிறது. உங்கள் அக்கா கல்யாணத்து நாதஸ்வரம், தாத்தா ஊர்க் கோயிலில் பாடியது, பாட்டியின் தாலாட்டு, இவையெல்லாம் அந்த வகைத் தகட்டில்தான் இருக்கும். அவற்றுக்கு வேறு பிரதி உலகத்தில் இல்லை. முதலில் அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரண்டு இடங்களில் பத்திரப்படுத்துங்கள். தகட்டைத் துடைக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்காதீர்கள். எழுத்துள்ள மேற்பக்கத்தைக் கீறலிலிருந்து காப்பாற்றுங்கள். எண்கள் பதிந்த படலம் அந்தப் பக்கத்தில்தான் மெல்லிய பூச்சுக்கு அடியில் இருக்கிறது.

இனி என் வேண்டுகோள். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வாங்கும் முன் ஒரே ஒரு மாலையை ஒதுக்குங்கள். வாங்க நினைக்கும் பிளேயரைக் கடையிலிருந்தோ நண்பரிடமிருந்தோ ஒருநாள் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். உங்கள் பழையதையும் அதையும் ஒரே ஆம்ப்ளிஃபையரில் இணையுங்கள். 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஒரு தகட்டில் எழுதி இரண்டிலும் போட்டு, ஸ்பீக்கர் முனையில் மல்டிமீட்டரை வைத்து ஏசி வோல்ட் அளவைப் பாருங்கள். சாதாரண மீட்டர் 50 ஹெர்ட்ஸ் வீட்டு மின்சாரத்தை அளக்கச் செய்தது, அதனால்தான் தாழ்ந்த ஒலியைச் சொல்கிறேன். இரண்டு பிளேயருக்கும் வால்யூம் குமிழ் எந்த இடத்தில் நின்றால் அளவு நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான வித்தியாசத்தில் வருகிறதோ, அந்த இரண்டு இடங்களையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மிகப் பழகிய பாட்டை எடுங்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். வீட்டில் ஒருவர் காசு சுண்டி, குமிழைக் குறித்த இடத்துக்குத் திருப்பி, பேசாமல் பாடவிடட்டும். 20 முறை. 15 முறை சரியாகச் சொன்னீர்களானால் வித்தியாசம் உண்மை என்றே எடுத்துக்கொள்ளலாம். குருட்டாம்போக்கில் அந்த அளவு வருவதற்கு நூற்றுக்கு இரண்டு வாய்ப்புதான். அப்போது தாராளமாக வாங்குங்கள், நான் குறுக்கே நிற்கமாட்டேன்.

15 வராவிட்டால் வருத்தப்படாதீர்கள். உங்கள் காது தோற்கவில்லை. உங்கள் பழைய பிளேயர் ஜெயித்திருக்கிறது. அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள், தரையில் ஜமுக்காளம் விரியுங்கள், நீங்கள் தேடிக் கிடைக்காமல் விட்ட பழைய வெளியீடுகளைத் தேடி எடுங்கள். மைக் இல்லாத ஒரு சின்னக் கச்சேரிக்குப் போய் முன்வரிசையில் உட்கார்ந்து, தம்புராவும் மிருதங்கமும் உண்மையில் எப்படி ஒலிக்கும் என்று காதில் ஏற்றிக்கொண்டு வாருங்கள். வீட்டில் கேட்பதை அளக்க அதைவிடச் சரியான அளவுகோல் கிடையாது.

அந்தத் தம்பியின் பிளேயரை அன்று என் செட்டில் போட்டேன். அவன் கொண்டு வந்தது அவன் அப்பாவின் சிடி. உள்ளட்டையில் வாங்கிய தேதியை நீல மையில் எழுதி வைத்திருந்தார். நல்ல பதிவு, நன்றாகவே ஒலித்தது. என் பழைய பிளேயரில் போட்டிருந்தாலும் அப்படியேதான் ஒலித்திருக்கும். பாதிப் பாட்டில் அவன் என்னைப் பார்க்காமல் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே, "அப்பா ஸ்பீக்கர்லயும் இப்படித்தான்ணா இருக்கும்" என்றான்.

உங்கள் வீட்டில் அப்படி ஒரு ஜோடி இன்னும் இருக்கிறதா? இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை அதை மூலையிலிருந்து ஒரு முழம் முன்னே நகர்த்துங்கள். ஒரு நல்ல சிடியைப் பழைய பிளேயரிலேயே போடுங்கள். விசிறியை நிறுத்துங்கள். கேட்ட பிறகு முடிவெடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே சிடிக்களைத் தூக்கிப் போடாத ஒருவன்
ஸ்ரீரங்கம்